இடது பின் சக்கரம்

முத்தியால்பேட்டை
புதுச்சேரி
8 மே 2025, வியாழன்

அண்ணா,

என் போன் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். "ஷெட்டு வாசலை மிதிக்காத" என்றும் சொல்லிவிட்டாய். வேறு வழி இல்லாமல் எழுதுகிறேன். அம்மா உனக்கு மதியச் சோறு கொண்டுவரும் பையில், கேரியருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் இது இருக்கும். அண்ணன் கேட்ட பேப்பர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நடந்ததை உன் பக்கம் நின்றும் நினைத்துப் பார்த்தேன். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த அந்தப் பழைய பிரெஞ்சு சிம்கா காரைப் பிரித்து, பின் ஆக்சிலையும் பிரேக்குகளையும் திரும்பக் கட்டி, முதல் முறையாகக் காலாப்பட்டு வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறாய். வண்டிச் சொந்தக்காரர், ஊரே மரியாதையாக 'முசே' என்று கூப்பிடும் தேவதாஸ், சந்தோஷத்தில் பானட்டைத் தட்டிக் கொடுக்கிறார். "பிரேக் புடிச்சா கல்லு மாதிரி நிக்குது முசே" என்று நீ சொல்கிறாய். அந்த நேரம் பார்த்து நான், "அண்ணா, இந்தச் சக்கரம் நனைஞ்சிருக்கு" என்றேன்.

கல்லூரியில் நாலு வருடமும் பதில் தெரிந்த கேள்விக்குக்கூடத் தலையைக் குனிந்து நின்றவள் நான். உன்னை அவமானப்படுத்துவதற்கென்று திட்டம் போட்டு வாய் திறக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று நீயே யோசி. இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டேன், வழுக்கியது. வார்த்தை தானாக வந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி முசேயின் பேத்தி கல்யாணம். மாதா கோயிலிலிருந்து காலாப்பட்டு மண்டபம் வரைக்கும் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் உட்காரப் போகிறார்கள். ஓட்டப்போவது நீ. எதிரே சென்னை பஸ்கள் வரும் ரோடு. பிரேக் டிரம்முக்குள் ஈரம் இருந்தால் அந்தச் சக்கரம் பிடிக்காது, எதிர்ப்பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் எது வருமென்று நான் சொல்ல வேண்டாம்.

டிரம்மைக் கழற்றிப் பார். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பூவிழி

ஷெட்டில் எதன்மேல் படுக்கிறாய்? வீட்டுப் பாய் வீட்டிலேயே இருக்கிறது.


சாரம், ஷெட்டு
9 மே, வெள்ளி

பூவிழிக்கு,

பேட்டரி கம்பெனிக்காரன் கொடுத்த பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஷெட்டில் வேறு பேப்பர் இல்லை. உன்னைப் போல வளைத்து வளைத்து எழுத எனக்கு வராது.

டிரம்மைக் கழற்றினேன். நீ சொன்னதால் இல்லை, நானே கழற்றுவதாகத்தான் இருந்தேன். உள்ளே ஈரம் இருந்தது. அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டரில் ஒரு வாஷர் சரியாக உட்காரவில்லை. மாற்றிவிட்டேன். முடிந்தது.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். உன் கம்பெனியில் உன் சூப்பர்வைசர் வெளி ஆட்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் நுழைந்து "இந்தப் பீஸ் சரியில்லை" என்றால் உனக்கு எப்படி இருக்கும்? நீ போன பிறகு முசே என்ன சொன்னார் தெரியுமா? "நிலவா, உன் தங்கச்சி இஞ்சினியராமே? அது வந்து பாத்து ம்முன்னு சொன்னாத்தான் நாம வண்டிய எடுக்கணும்போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

இந்த ஊரில் பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அத்தனை பேரும் இந்தக் கல்யாணத்துக்கு வருவார்கள். சிம்கா நல்லபடியாகப் போய் மண்டப வாசலில் நின்றால் அவர்கள் வண்டியும் சாரத்துக்கு வரும். நிற்காவிட்டால் நான் மறுபடி ஆட்டோவுக்கு ஆயில் மாற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவசரத்தில் நான் எதையும் செய்யவில்லை. ஆக்சிலுக்குப் பெயின்ட் அடித்து மேசைமேல் வைத்து, அம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்து பூப் போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றினேன். எல்லாம் முறையாக நடந்த வேலை.

நீ வர வேண்டாம். வண்டியின் பின் சீட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். பாயைவிட அது மெத்தென்று இருக்கிறது.

நிலவன்

கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்.


முத்தியால்பேட்டை
10 மே, சனி

அண்ணா,

நீ கேட்டது நியாயம். முசே போகும்வரை காத்திருந்து உன்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சக்கரம் நனைந்திருந்தது என்பதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது.

அது பிரேக் ஆயில் இல்லை என்று நினைக்கிறேன். பிரேக் ஆயில் என்றால் குழாயடியில் கை கழுவியதும் போயிருக்கும். என் விரலில் ஒட்டியது சோப்பு போட்டும் போகவில்லை. மறுநாள் கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்த நிர்மலாதேவி அக்கா மூக்கைச் சுளித்து, "ஏண்டி, டிபன்ல முட்டை வச்சிருந்தியா? கெட்டுப்போச்சுடி, தூக்கிப் போடு" என்றாள். ஆக்சிலுக்குள் ஊற்றும் கியர் ஆயில்தான் அப்படி நாறும். என் டிபனில் அன்று லெமன் சாதம்.

டிரம்மைத் துடைத்த துணி ஷெட்டில் கிடக்கும். அதை ஒரு மக் தண்ணீரில் போட்டுப் பிழி. பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கலக்காமல் மேலே மிதந்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் எண்ணெய் சக்கரத்துக்கு வருகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் வாஷரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

நீ செய்வாயா, அல்லது நான் சொன்னேன் என்பதற்காகவே செய்யாமல் இருப்பாயா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஒரே ஊர்ல இருந்துக்கினு என்னடி கடுதாசி? பெரிய மார்க்கெட்ல பூ வித்துட்டு வந்து, சோத்தையும் தூக்கிக்கினு, உங்களுக்குத் தபாலும் குடுக்கணுமா?" என்கிறாள். ஆனாலும் பையில் வைத்தால் எடுத்துப் போகிறாள்.

பூவிழி


சாரம்
12 மே, திங்கள்

பூவிழி,

மிதந்தது. மக்கை எட்டி உதைத்தேன். அது சுவரில் பட்டு நசுங்கிவிட்டது. சந்தோஷமா?

நேற்று முழுவதும் இடது பக்க ஆக்சில் தண்டை உருவி, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் பழைய ஆயில் சீலைப் பெயர்த்துப் புது சீல் அடித்தேன். கோணல் இல்லாமல் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்தது. டிரம்மைப் பிடிக்கும் பிரேக் லைனிங்கைத் துடைத்துப் பூட்டி, இன்று காலை காலாப்பட்டு போய் வந்தேன். திரும்பி வந்து டிரம்மைத் திறந்தால் மறுபடி எண்ணெய். புது சீல். கண் முன்னால் நானே அடித்த சீல்.

கல்யாணம் அடுத்த திங்கள். முசே தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இவருடைய கல்யாணத்துக்கு இவருடைய அப்பா இந்த வண்டியைத்தான் ஓட்டினாராம். "என் பேத்தி மர்த்தீன் இதுலதான் வருவா, வேற வண்டியில ஏத்தவே மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனிதர், எனக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு முகத்தைக் காட்டாமல் இருக்கிறேன்.

இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். அவரிடம் நீ ஏதாவது சொன்னாய் என்று தெரிந்தால் அதோடு சரி. நீ இஞ்சினியரிங் சேர்ந்த வருடம் நான் ஐடிஐயைப் பாதியில் விட்டேன். எதற்கு விட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ படித்துவிட்டு வந்து என் வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கவா?

நிலவன்


முத்தியால்பேட்டை
13 மே, செவ்வாய்

அண்ணா,

சந்தோஷம் இல்லை. உன் கடிதத்தை வேனில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். டிரைவர்தான் கூப்பிட்டு எழுப்பினார். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

என் ஃபீஸ் கட்ட ஐடிஐயை நீ விட்டதை ஒவ்வொரு சண்டையிலும் எடுத்து வைக்கிறாய். அதற்கு நான் என்ன திருப்பித் தர முடியும்? பேசாமல் இருப்பதைத்தான் இத்தனை வருடம் தந்துகொண்டிருந்தேன். நீ வீட்டில் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு நாள் என்னால் முடியவில்லை.

இப்போது வண்டிக்கு வருகிறேன். அம்மாவிடம், "அண்ணன் சாப்பிடும்போது வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா பார்" என்று கேட்டிருந்தேன். "சுத்தமா காஞ்சி கெடக்குடி, கோலமே போடலாம்" என்றாள். ஒரு நாள் முழுக்க நின்றபோது சொட்டாத எண்ணெய், காலாப்பட்டு போய் வந்ததும் டிரம்முக்குள் இருக்கிறது. ஆகவே நிற்கும்போது வருவதில்லை, ஓடிச் சூடான பிறகுதான் வருகிறது. நீ அடித்த சீலில் குறை இருக்காது. உள்ளே இருந்து ஏதோ ஒன்று எண்ணெயை நெட்டித் தள்ளுகிறது.

அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆக்சிலைப் புத்தகத்தில் வெட்டிப் போட்ட படமாகப் பார்த்தவள். நீ அதைப் பிரித்து, கழுவி, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தவன். சூடு ஏறினால் உள்ளே எது மாறும்? அதை யோசி. சீலை மறந்துவிடு.

முசேயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யவில்லை.

பூவிழி


சாரம்
15 மே, வியாழன்

பூவிழி,

கண்டுபிடித்துவிட்டேன். உட்கார்ந்து படி. அம்மா பக்கத்தில் இருந்தால் மாடிக்குப் போய்ப் படி.

ஆக்சில் சூடானால் உள்ளே இருக்கும் காற்று உப்பும். அது வெளியே போக ஆக்சிலின் வெளிக்கூட்டு உச்சியில் சுண்டைக்காய் அளவு ஒரு குமிழ் இருக்கும். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் இட்லிப் பானை மூடி மாதிரிதான். ஆவி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே முட்டும். நம் வண்டியில் இடது பக்கச் சீல்வழியாக எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ரோடு இடது பக்கம் சரிவு, எண்ணெயும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக அந்தக் குமிழைத் தேடினேன். பெயின்ட் அடிக்கும்போது துணி சுற்றித்தான் அடித்தேன், பெயின்ட் போயிருக்காது என்று நிச்சயம். மேலே தூசி படிந்திருந்தது. சுரண்டினேன். தூசிக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் மஞ்சள். சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போன சந்தனம்.

மதியம் அம்மா சோறு கொண்டுவந்ததும் கேட்டேன். "அம்மா, அன்னிக்கு ஆக்சிலுக்குப் பொட்டு வச்சியே, எங்க வச்ச?"

"எங்க வப்பாங்க? உச்சியில, நெத்தியாட்டம் துருத்திக்கினு இருந்துச்சே, அங்கதான்."

"அதுல ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சுடா. நீ பாட்டுக்குத் தொறந்து போட்டிருந்த. தூசி பூந்துடப் போவுதுன்னு ஊதுவத்திக் குச்சியால சந்தனத்த நல்லா உள்ள தள்ளி அடைச்சு, அதுக்குமேலதான் குங்குமம் வச்சேன். ஏண்டா, எதுனா ஆச்சா?"

எவ்வளவு பெருமையாகச் சொல்கிறாள் பார். "ஒண்ணும் ஆவலம்மா, நல்லதுதான் செஞ்ச" என்றேன். அவள் போன பிறகு சாவியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். நீ இருந்தால் நீயும் சிரித்திருப்பாய். முசேயிடம் ஓட்டையில் தூசி அடைத்திருந்தது, நான் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஓட்டையைத் துளைத்துச் சுத்தம் செய்து, இரண்டு முறை காலாப்பட்டு போய் வந்தேன். டிரம் கருவாடு மாதிரி காய்ந்திருக்கிறது.

எண்ணெய் குடித்த இடது பக்க லைனிங் இனி உதவாது. கன்னியப்பன் கடையில் கொடுத்துப் புது லைனிங் ரிவெட் அடித்து வாங்கி வந்துவிட்டேன். அந்த அகலத்தில் அவரிடம் ஒரு சக்கரத்துக்குத்தான் இருந்தது. மீதி செவ்வாய்க்கிழமை வரும். வலது பக்கம் காய்ந்து, கனமாக, நன்றாகவே இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த பழைய சரக்கு. அதைத் தொடவில்லை.

வண்டி தயார், பின் சீட்டையும் திரும்பப் பூட்டிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

நிலவன்


முத்தியால்பேட்டை
16 மே, வெள்ளி

அண்ணா,

மாடிக்குப் போய்த்தான் படித்தேன். சிரித்தேன். கீழே அம்மா யாருக்கோ போனில், "பையன் ஷெட்டுக்கு நான்தான் எல்லாம் பாத்துப் பாத்து செய்யறேன்" என்று சொல்வது கேட்டது. இன்னும் சிரித்தேன்.

பிறகு கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன்.

இடது பக்கம் கன்னியப்பன் கடைப் புது லைனிங். வலது பக்கம் பல காலம் டிரம்மோடு உரசிப் பழகிய பழைய பிரெஞ்சு லைனிங். இரண்டும் ஒரே அளவில் பிடிக்காது என்பது என்னைவிட உனக்குத் தெரியும். புதியது டிரம்மில் உரசி உட்காரவே நாளாகும். சக்கரம் காய்ந்துவிட்டது, வண்டி இன்னும் சரியாகவில்லை. ஊருக்குள் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. காலாப்பட்டு போகும் ஈசிஆர் ரோட்டில் ஒரு மாடோ பைக்கோ குறுக்கே வந்து நீ முழுக்க அழுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. நீ காலாப்பட்டு போய் வந்தபோது அப்படி அழுத்திப் பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதியிருப்பாய். உன் கடிதத்தில் அது இல்லை.

இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும். செவ்வாய்தான் லைனிங் வரும் என்றால் திங்கட்கிழமை அந்த வண்டி போகக் கூடாது.

முசேயிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் அவர் வீட்டுக்குப் போவேன். போய்க் கதவைத் தட்டும் தைரியம் எனக்கு இல்லை என்று நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் போவேன்.

பூவிழி


சாரம்
17 மே, சனி

பூவிழி,

அழுத்திப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. போதுமா?

முசே வீட்டுக்குப் போகாதே. நாளை விடிந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு காலாப்பட்டுப் பக்கம் போகிறேன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகில் நில், நிறுத்துகிறேன். பின் சீட்டில், பொண்ணு உட்காரப்போகும் இடத்தில் உட்கார். ரோடு காலியாக இருக்கும்போது முழுக்க அழுத்துவேன். பின்பக்கம் எங்கே தள்ளுகிறது என்று ஓட்டுகிறவனைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இழுத்தால் சொல். இழுக்காவிட்டாலும் சொல். ஆனால் அங்கேயே, அவர் காதில் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதி அனுப்பக் கூடாது. அவர் இல்லாத இடத்தில் நீ சொல்லி, நான் போய் அவரிடம் சொன்னால், தங்கச்சிக்குப் பயந்தவன் என்பார். அதை நான் தாங்க மாட்டேன்.

நிலவன்


முத்தியால்பேட்டை
18 மே, ஞாயிறு

அண்ணா,

எழுதி அனுப்பக் கூடாது என்றாய். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இது மிச்சம்.

நான் இறங்கி வந்துவிட்டதால் அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நீயும் போன் செய்யவில்லை. நீ பிளாக்கை எடுத்துவிட்டாயா என்று நானும் செய்து பார்க்கவில்லை. செய்தால் என்ன பதில் வருமோ என்று பயம்.

பல்கலைக்கழகச் சுவர் தாண்டி நேரான ரோட்டில் நீ முதல் முறை அழுத்தியபோது வண்டி ஒழுங்காக நின்றது. முசே என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

இரண்டாவது முறை வேகம் ஏற்றி அழுத்தினாய். எனக்கு அடியில் சீட் இடது பக்கம் நழுவியது. வால் ஒரு பக்கம் போக, மூக்கு நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போனது. அந்த வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம், முசே உட்கார்ந்திருந்தது எதிர் வண்டி வரும் பக்கம். தூரத்தில் வந்துகொண்டிருந்த பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டு அவர் கதவை ஒட்டிப் போனது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "நின்னுடுச்சே! பிரமாதம்!" என்று கை தட்டினார்.

நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். ரோட்டோரம் வலை காயப்போட்டிருந்த ஒரு அம்மாள் நம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "இழுக்குது."

"என்ன சொல்ற?"

"வலப்பக்கம் இழுக்குது முசே. நாளைக்கு இதுல அவங்க போவக் கூடாது."

அவர் முழுக்கத் திரும்பினார். "இது எங்கப்பா வண்டி. என் பேத்தி இதுல போவலாமா கூடாதான்னு நீ யாரு சொல்றதுக்கு? நிலவா, இந்த ஷெட்டுக்கு யாருப்பா முதலாளி? நீயா, உன் தங்கச்சியா?"

நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாய். நான் காத்திருந்தேன். பிறகு கதவைத் திறந்து இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வாயால் சொல் என்றாய். சொன்னேன். சொன்ன பிறகு நீ என் பக்கம் இருப்பாய் என்று நீ எழுதவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

வண்டிக்குப் பூக்கட்ட அம்மா நாளை விடியுமுன் மார்க்கெட்டிலிருந்து நேராக ஷெட்டுக்கு வருகிறாள். மல்லிகைச் சரத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொல். சாவியை எடுக்கிறாயா, இல்லையா?

எடுத்தால் நீயும் அந்த வண்டியில்தான் இருப்பாய்.

பூவிழி


சாரம்
19 மே, திங்கள், மதியம்

பூவிழி,

உன் கடிதம் பூக்கூடையில் வந்தது. அது வருவதற்கு முன்பே சக்கரங்களைக் கழற்றிவிட்டேன்.

ரோட்டில் நான் பேசாமல் இருந்தது தப்பு. நீ இறங்கிய பிறகு பேச நினைத்தேன், நீ பஸ் ஏறிவிட்டாய். பெடலில் என் காலுக்கும் தெரிந்தது. பஸ் முசேயின் கதவை ஒட்டிப் போனபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அதிலிருந்து மீள நேரம் ஆனது, வேறொன்றும் இல்லை. மாட்டுவண்டி வேகத்தில் ஷெட்டுக்கு வந்து சேர்ந்து, அவரிடம் சொன்னேன்: "முசே, பூவிழி சொன்னது சரி. நாளைக்கு வண்டி வராது." அவர் நம்பவில்லை. காலையில் எனக்கு மனசு மாறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் ஜாக்கியை எடுத்தேன். மனசு எனக்கும் மாறும், பூவிழி. அத்தனை பெரிய மனிதர்கள் வந்து நிற்கும்போது மாறும். அதனால்தான் இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்தேன்.

முதலில் அம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னடா இது, கல்யாணத்தன்னிக்கு மொட்டை அடிச்ச மாதிரி நிக்குது" என்றாள்.

பிறகு முசே வந்தார். சாம்பல் கலர் கோட்டு, சட்டையில் ரோஜா. வண்டியைப் பார்த்தார். நேற்று தமிழில் திட்டியவர் இன்று முழுக்கப் பிரெஞ்சில் திட்டினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, அதனால் கடைசிவரை நின்று கேட்க முடிந்தது. முடிந்ததும், "முசே, நேத்து பஸ் போனது உங்க பக்கம்தான்" என்றேன். பிறகு தமிழில், "புதன்கிழமை மெட்ராஸ்லேருந்து ஆளு வருவான். வண்டிய ஏத்திக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேத்தி வாடகைக் காரில் போனாள். அம்மா மல்லிகையை வீணாக்க மனமில்லாமல் மாதா கோயிலுக்கே கொண்டுபோய் அந்தக் காரில் கட்டிவிட்டு வந்தாள். பொண்ணு மண்டபத்தில் நல்லபடியாக இறங்கிவிட்டதாம், அங்கே பூ கொடுக்கப் போன பாக்கியலட்சுமி அக்கா போனில் சொன்னாளாம். பழைய கார்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்களாம். சிம்கா எங்கே என்று கேட்டார்களாம். முசே என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. சக்கரம் இல்லாத வண்டியைச் சுற்றி வந்து, "ரெண்டு பேரும் சேந்து என்னமோ முடிவு பண்ணியிருக்கீங்க, எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை அவர் எடுத்துப் போகட்டும். அவருடைய வண்டி. ஆனால் இழுக்கிற வண்டியாக என் ஷெட்டைவிட்டுப் போகாது. நாளை மதியம் கன்னியப்பன் மீதி லைனிங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒரே சரக்கு, ஒரே நாளில். பூட்டி, டிரம்மைச் சுற்றிப் பார்த்து, மறுபடி அந்த ரோட்டில் போய் அழுத்த வேண்டும். பின் சீட்டில் ஆள் வேண்டும்.

நாளை சாயங்காலம் உன் வேன் சாரத்தைத் தாண்டித்தானே வரும். இறங்கிவிடு. வலது டிரம்மை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறேன், நீ வந்ததும் திறக்கலாம்.

நிலவன்